மாடி வீட்டுக் கடல்

"ஏங்க, இன்னிக்கு நம்ம ஏரியாவுக்குக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கிடையாதாம். பராமரிப்பு வேலையாம். இப்பத்தான் இங்க ஒரு டீச்சர் சொன்னாங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து முத்துமீனா அடிக்குரலில் பேசினாள்.

கப்பலூர் கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே சிவபாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "மீன்தொட்டி சம்ப்ல தண்ணி எம்புட்டு இருக்கு?"

"நீங்கதான காலையில விளிம்பு வரைக்கும் ஊத்துனீங்க?"

போனை வைத்தான். பர்மிஷன் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

எஸ்.எஸ். காலனியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. உப்புத் தண்ணீரில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் கீழே கப்போர்டுக்குள் இருக்கும் சம்ப்புக்கு இறங்கிச் சுத்தமாகும். ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். பம்ப் நின்றால் மேல் தண்ணீரில் கொஞ்சம் கீழே இறங்கிவிடும், அதனால் சம்ப்பில் எப்போதும் இடம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வழிந்துவிடும் என்று தொட்டி வைத்துக் கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சிவபாண்டி கேட்கவில்லை. சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று கத்தும். கத்தினால் கீழ்வீட்டுக்குக் கேட்கும்.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரர் ஹாலாஸ்யம். கோயில் அர்ச்சகர். வீடு கொடுக்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை, மாடிக்குக் கவுச்சி வரக் கூடாது.

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? வளக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்று சட்டம் பேசித்தான் சிவபாண்டி தொட்டியை ஏற்றினான். பேசிய கையோடு முன்னால் கனமாக ஒரு திரையையும் தொங்கவிட்டான். அது என்ன சத்தம் என்று வீட்டுக்கார மாமி ஜானு ஒருநாள் கேட்டதற்கு, பழைய பிரிட்ஜ் என்று கூசாமல் சொன்னான்.

அந்தத் திரையாலேயே வீட்டில் சண்டை. சில நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி திறந்து கிடக்கும். நீதான் என்பான் அவன், நீங்கதான் என்பாள் அவள்.

வீடு போய்விடுமோ என்றுதான் இத்தனை பயமும். அது சும்மா கிடைத்த வீடு இல்லை. வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஊர் எது என்பார்கள். திருவாதவூர் என்றால், திருவாதவூரில் எந்தத் தெரு என்பார்கள். அப்புறம் போன் செய்கிறேன் என்பார்கள். ஒருவரும் செய்ததில்லை. தெருவைக் கேட்காமல் சாவி கொடுத்தவர் ஹாலாஸ்யம் மட்டும்தான்.

மாமிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று பைக்கில் போகும்போது யோசித்தான். என்னவென்று சொல்வது? பிரிட்ஜ் வழிகிறது என்றா?

திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் ஹாலாஸ்யம் அவன் மனசுக்குள் பல தடவை அவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். முதலில் கெஞ்சினான். பழங்காநத்தம் வந்தபோது கோபமாகிவிட்டது. 'கடைசியில நீங்களும் அவங்கள மாதிரித்தானா சார்?' என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வாசலில் முத்துமீனாவும் ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

கீழ்வீட்டில் ஆளைக் காணோம். பூஜை அறையின் மேற்கூரையில் ஈரம் படர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. சாமி படங்களையெல்லாம் கூடத்துக்கு எடுத்து வந்து சாய்த்து வைத்திருந்தார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க மாமியிடம் கொடுத்திருந்த மாடி வீட்டுச் சாவி ஆணியில் இல்லை.

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். கதவு திறந்திருந்தது. திரை முழுக்க விலகியிருந்தது.

ஹாலாஸ்யம் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, சம்ப்பிலிருந்து எவர்சில்வர் செம்பால் மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அபிஷேகத்துக்கு ஊற்றுகிற அதே சீரான தாரை. மாமி தரையைத் துடைத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். மீன்கள் இரண்டும் தாரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி வந்தன.

"வாங்கோ. கார்த்தாலேர்ந்து இவ ஊத்தினா. நடை சாத்திட்டு வந்ததுலேர்ந்து நான். கை ஓஞ்சு போச்சு, சித்த பிடிங்கோ" என்று செம்பை நீட்டினார்.

சிவபாண்டி வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"சார், பூஜை ரூம்பெல்லாம்..."

"உப்புத் தண்ணிதானே? மதுரைக்குக் கடல் வர்றது இதான் முதல் தடவையா? சுவாமியே ஏழு கடலையும் இங்க வரவழைச்சாரே, எழுகடல் தெருன்னு சும்மாவா பேர் வச்சா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மொண்டு ஊற்றினான்.

முத்துமீனாதான் யோசனையாகக் கேட்டாள். "சார், பம்பு நின்னா மீனுக்கு மூச்சு முட்டும், இப்படி மேலருந்து ஊத்தணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

ஹாலாஸ்யம் மனைவியைப் பார்த்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம், மத்தியானம் இவர் சாப்பிட்டானதும், தினமும் இங்க வந்து, தண்ணி மேலேர்ந்து விழறதையும் மீன் அதுக்கடியில விளையாடறதையும் பார்த்துண்டு உக்காந்துடுவோம். உங்களுக்குத் தெரிஞ்சா சாவியை வாங்கிண்டுடுவேளோன்னு பயம், அதான் சொல்லலை. போறச்சே திரையை மூடத்தான் சில நாள் மறந்துடறது."