ஏழு கட்டு அரைக்கீரை

“ஏழு கட்டு போதுமா, இன்னும் ரெண்டு வாங்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே மொட்டை மாடித் தரையில் அரைக்கீரையைப் பரப்பினாள் ருக்மிணி. ஆயவும் இல்லை, மண் போக அலசவும் இல்லை.

“போதும். நெருக்கமாப் பரப்பு. முளைச்ச மாதிரி இருக்கணும்,” என்றார் சேஷகிரி. சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருடம் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, புல் வெட்டும் பெட்ரோல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டுப் பிளேடை மாட்டிக்கொண்டிருந்தார்.

மிஷின், மல்லேஸ்வரம் வீட்டுப் புல்வெளிக்காக மகன் ஹரிஷ் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அப்பா, வீட்டை மட்டும் வித்துடாதே.”

ருக்மிணியின் இதய ஆபரேஷனுக்கு அந்த வீடுதான் போனது. தெரிந்தால் பிள்ளை வேலையை உதறிவிட்டு ஓடிவருவான் என்று இரண்டையுமே மறைத்துவிட்டார்கள். இப்போது இருப்பது அதே ஊரின் மறுகோடியான பொம்மனஹள்ளியில், சொந்தக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வாடகை பிளாட். போன் நம்பர் மாறியதற்குத் தனியாக ஒரு பொய்.

ஹரிஷ் ஓர் இன்ஜின் பைத்தியம். வாராவாரம் போனில் அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும். போன வாரம் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “சும்மா ஓடற சத்தம்பா இது. புல்லு மாட்டினா இன்ஜின் முனகணுமே! அடுத்த வாரம் வெட்டிண்டே கேக்க வை.”

அதற்காகத்தான் கீரை.

வாட்ச்மேன் உத்தமன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். “இன்னைக்குமா சார்? மொத்த பில்டிங்கும் என்னைத்தான் புடிச்சுத் திட்டுது. ரெண்டாவது மாடிக்கு நேத்துதான் ஒரு பையன் குடி வந்திருக்காரு. கால் சென்டர்ல நைட் ஷிப்ட்டாம். பாவம், தூங்க வேணாமா?”

“ரெண்டே நிமிஷம்பா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

உத்தமன் கீரையைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கார்ட்லெஸ் போன் அடித்தது. ருக்மிணி பாய்ந்து எடுத்தாள். “ஹரிஷ்! சாப்பிட்டியாடா? அங்கே குளிரா?”

“பயங்கரக் குளிர்மா,” என்றான்.

தெருவில் கீரைக்காரி “சொப்பு... சொப்பு...” என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள். போனுக்குள்ளும் அதே கூவல் கேட்டது. “ஐ.எஸ்.டி.ன்னாலே எக்கோதான்,” என்று சலித்துக்கொண்டாள் ருக்மிணி.

சேஷகிரி ஆயில் அளவைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். ஐந்து தரம் இழுத்தும் மிஷின் இருமியதோடு சரி.

“பிளக் நனைஞ்சிருக்கும்னு சொல்லும்மா. கழட்டித் தொடைச்சு மாட்டிட்டு, சோக்கைத் திறந்துண்டு இழுக்கச் சொல்லு,” என்றான் ஹரிஷ்.

வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். ஒரே இழுப்பில் மிஷின் கட்டடமே அதிரும்படி அலறியது. கீரைமேல் தள்ளினார். சத்தம் அப்படியே இறங்கி, மகன் சொன்னபடி முனகியது. ருக்மிணியின் புடவை முழுக்கப் பச்சைச் சாறு.

சேஷகிரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது, பெற்ற பிள்ளையைக் கீரையை வைத்து ஏமாற்றுகிறோமே என்று. போனை வாங்கிக் கத்தினார். “கேட்டுதாடா? நம்மாத்துப் புல்லுதான்! மல்லேஸ்வரம் புல்லு!”

மறுமுனையில் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஹரிஷ் மெதுவாகச் சொன்னான்.

“அப்பா... சத்தம் போன்லயும் கேக்கறது, என் ரூம் ஜன்னல்லயும் கேக்கறது.”