அறுபத்தாறுக்கு ஒன்று குறைவு

நண்பர்கள் இருவருக்கும் ஒரே சில்லறை மூட்டையில் ஆளுக்கொன்றாகக் கிடைத்த நாணயங்கள் அவை. இரண்டிலும் அச்சு பிசகி, சிங்கத்தின் பாதி முகம் விளிம்புக்கு வெளியே போயிருந்தது. பழைய நாணயங்களுக்குத் தரம் பார்த்து எழுபதுக்கு மதிப்பெண் போடும் நிறுவனத்திலிருந்து தணிகாசலத்தின் நாணயம் தரச்சான்றோடு, ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் திரும்பி வந்தது. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து அனுப்பிய சேவியருடையதை, ‘துலக்கியது, மதிப்பெண் இல்லை’ என்று தள்ளிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“அறுபத்தஞ்சுதான் போட்டிருக்கான் சேவியர். அறுபத்தாறு வரும்னு நெனச்சேன்,” என்று குறைப்பட்டார் தணிகாசலம்.

சேவியருக்கு வயிறு எரிந்தது. பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்து மங்கலும் நாணயத்தின்மேல் பட்டுப்போலப் படிந்திருந்தது.

“கொஞ்சம் அழுக்கா இருக்குல்ல, அதான்,” என்றார் அன்பாக. “பெட்டிய ஒடைச்சுட்டுத் திரும்ப அனுப்புங்க. வீட்ல புளி இருக்கா?”