பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டி

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை மரியகொரட்டி தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அதன் உடம்பில் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தது.

"படர்தாமரை. ஒட்டிக்கிற சீக்கு. வீட்டுக்குள்ள கொண்டாராத," என்றான், கால் முறிந்து வேலைக்குப் போகாமலிருந்த கணவன் அந்தோனி.

குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு விறகுக் கொட்டிலில் வைத்தாள். பதுளையில் மிருக வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்பச் சின்னது. இந்தக் குளிருல தனியாக் கெடந்தா தாங்காதுங்க."

தினமும் கொழுந்து பறித்துத் திரும்பியதும், செத்திருக்குமோ என்ற பயத்தோடுதான் பெட்டியைத் திறப்பாள். குட்டி கண்ணை விரித்துப் பார்க்கும். தொட்டால் கதகதப்பாக இருக்கும். எல்லாம் மாதாவின் கிருபை என்று சிலுவை போட்டுக்கொள்வாள்.

குட்டிக்குப் புது முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அன்று அந்தோனி குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றினான். நெஞ்செல்லாம் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது.

"என்னங்க இது?"

அவன் சட்டையை இழுத்து மூடப் பார்த்தான்.

"நீ மலைக்குப் போனதும் கத்திக்கிட்டே கெடக்குது. நெஞ்சோட வச்சாத்தான் தூங்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்னிருப்ப."

மரியகொரட்டி, கோயிலில் மாதா சுரூபத்தின் முன் நிற்பதுபோல அவன் முன் அசையாமல் நின்றாள்.