பத்திரிகைக்கு ஒரு படம்

மதுரையின் தெருக்கடைகளைத் தேடித் தேடிப் படமெடுக்கும் சரண்யாதேவி, அன்று மாலை தெப்பக்குளத்தின் அருகே பருத்திப்பால் வண்டி முன்னால் அம்மா முத்துமீனாவையும் மாணிக்கவாசகத்தையும் நிற்க வைத்தாள்.

"காலேஜ் விட்டதும் இங்கதான் வருவோம். தேங்காய்ப்பூ பத்தலைன்னு உங்கம்மா சண்டை போடுவா" என்றார் மாணிக்கவாசகம்.

"இவரு மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு, முழிச்சுக்கிட்டு நிப்பாரு" என்று முத்துமீனா சிரித்தாள்.

"அப்படியே சிரிம்மா!"

சட்டென்று முத்துமீனாவின் முகம் வாடியது. "வேணாம்டி. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? பாக்குறவங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். பத்திரிகையில இந்தப் படம்தான் வரணும்."

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தப் பத்திரிகை தாயி?"

"கல்யாணப் பத்திரிகைண்ணே."

"அடடே! ஒனக்கா?"

"இல்லண்ணே, எங்கம்மாவுக்கு. எங்கப்பா தவறி ரொம்ப வருசமாச்சு. போன மாசம் இவரே எங்க வீட்டுக்கு வந்து எங்கிட்ட பொண்ணு கேட்டாரு."

வண்டிக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒரு பத்திரிகை குடுங்கம்மா. குடும்பத்தோட வாரேன்."

முத்துமீனா கண்களைத் துடைத்துக்கொண்டு, மாணிக்கவாசகத்தின் அருகில் நெருங்கி நின்றாள்.

"இப்ப எடுடி."