பாலிசிதாரருக்கே பதில்

“என் வீட்டுக்காரர் ஆத்துல மூழ்கிப் போயிட்டார்னு எழுதி, இன்சூரன்ஸ் விவரம் கேட்டேன். ஒரு வரி பதில் வந்துச்சா?” கவுண்டரில் அந்தப் பெண் கத்தினாள்.

குமாஸ்தா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டா பதில் சொல்லியே ஆகணும்னு சட்டம் இருக்கு மேடம். அன்னைக்கே பாலிசிதாரர் போனுக்கு அனுப்பிட்டோம்.”

“செத்தவருக்கா பதில் அனுப்புவீங்க? மண்டையில என்ன களிமண்ணா? போனும் அவர் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. ரெண்டும் தண்ணியோட போச்சு!”

வரிசையில் நின்றவர்கள் காறித் துப்பாத குறையாகக் குமாஸ்தாவைப் பார்த்தார்கள்.

அவன் திரையை அவள் பக்கம் மெல்லத் திருப்பினான்.

“படிச்சுட்டாரே மேடம். ‘பணம் எப்போ வரும்’னு திருப்பிக் கேட்டிருக்கார். சட்டப்படி அதுக்கும் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?”