அவள் பேசாத வரி

திரையில் இருக்கும் பெட்டிகளைக் கோடு போட்டு இணைப்பதுதான் மாரிச்செல்வியின் வேலை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மனை வாங்க விரும்பி ஒருவர் பெயர் பதிந்தால் அது முதல் பெட்டியில் விழும். அடுத்த பெட்டி அந்தப் பெயரைச் சொல்லி அவள் குரலில் பேசும். கடைசிப் பெட்டி அந்தப் பேச்சை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். "வெளியாள் எதுக்கும்மா, உன் வாய் சும்மாதானே இருக்கு" என்று முதலாளி தினகர் சார் அவளைக் கொஞ்சம் பேச வைத்து, குரலை இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார். எதைத் தட்டினாலும் அது அவள் குரலில் பேசிவிடும்.

மதியம் அப்பா போனில் கூப்பிட்டார். சோதனைக்காகப் போட்ட அவருடைய மின்னஞ்சல் முகவரியை எடுக்க மறந்திருந்தாள்.

"அரசு அனுமதி வாங்கின மனைன்னு நீயே சொல்லிட்டியே தாயி. நம்ம தெருவுல எல்லாரையும் பேர் குடுக்கச் சொல்லிட்டேன்."

"நான் எப்பப்பா சொன்னேன்?"

"காதால கேட்டேனே. என்னையப் போய் சார்ங்கிற, கிறுக்கி!"

அந்த வரியை அவள் பேசியதே இல்லை. குரல் பெட்டியைத் திறந்தாள். யாரோ அதைப் புதிதாகத் தட்டி வைத்திருந்தார்கள்.

"அனுமதி எங்க சார்? காட்டுங்க" என்று தினகர் சாரிடம் கேட்டாள்.

"வந்துடும்மா. அதுக்குள்ள ஏன் குதிக்கிற? பேசினது மெஷின்தானே."

"எங்கப்பாவுக்கு அது நான் சார்."

அவர் டீ குடிக்கக் கிளம்பியதும் அந்த வரியை அழித்துவிட்டு, 'இந்த மனைக்கு அனுமதி இல்லை, வாங்காதீர்கள்' என்று தட்டி, அனுப்பும் முன் ஓடவிட்டுக் கேட்டாள். வயிறெரிந்து எழுதியதை அந்தக் குரல் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோலச் சொன்னது. இப்படிச் சொன்னால் எவன் நம்புவான்?

குரல் பெட்டியைக் கோட்டிலிருந்து பிடுங்கிப் போட்டு, அந்த இடத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியை இணைத்தாள். மைக்கை வாயருகே இழுத்து, "நான் மாரிச்செல்வி பேசுறேன்" என்றாள். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவள் நிறுத்தவில்லை.