துப்பாக்கிக்கு நிக்கல் பூசியவன்

அந்த இரண்டு எழுத்தும் போகும்வரை அவன் பட்டறையை விட்டு நகரவில்லை.

கைப்பிடிக்கு மேலே, இரும்பில் வெட்டியிருந்த இனிஷியல். தோட்டத்து முதலாளி, பெரிய பண்ணாடி சென்னியப்பனுடையது.

பட்டறைக்காரர் குத்துவிளக்குக்கும் புல்லட் வண்டி உதிரிகளுக்கும் முலாம் பூசுகிறவர். துப்பாக்கியைத் தொட்டது அன்றுதான்.

"லேசாத் தேச்சா எழுத்து நெழலாட்ட நிக்குமுங்க. அழுத்தித் தேய்க்கட்டுங்களா?"

"தேயுங்க. மேல ஒரு கீறல் இருக்கப்படாது."

சக்கரம் சுற்றியது. பழைய நிக்கல் பொடியாக உதிர்ந்தது.

துப்பாக்கி வேண்டுமென்றால் கோயமுத்தூரில் கடை இருக்கிறது. நான்கு போர்வெல் வண்டி ஓடுகிறது, லைசென்ஸ் கையில் இருக்கிறது. புதுசு வாங்க அவனுக்கு வக்கில்லாமல் இல்லை.

ஆனால் அவனுக்கு இதுதான் வேண்டும். முலாம் உரிந்து, சொறிநாய் முதுகு மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்த இந்தச் சனியன்தான் வேண்டும்.

அவன் அப்பன் மாரான் சென்னியப்பனின் தோட்டத்தில் கூலியாள். ஒருநாள் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டான். பெரிய பண்ணாடி இதை எடுத்து அப்பன் நெற்றியில் வைத்தார்.

சுடவில்லை. சும்மா, விளையாட்டுக்கு.

அப்பனின் காலோடு மூத்திரம் வழிந்தது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அப்போது அவன் சின்னப் பையன்.

அதற்கப்புறம் அப்பன் சாகும்வரை யாரிடமும் எதையும் கூட்டிக் கேட்கவில்லை.

பெரிய பண்ணாடியும் போய்ச் சேர்ந்தார். மகன் தெய்வசிகாமணி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுத் தின்றார். துப்பாக்கியும் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய் நின்றான்.

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான். பெயர் மாற்றித் தரச் சொல்லி இருவரும் மனுப் போட்டார்கள். அனுமதி வரும்வரை பொறுத்திருக்க அவனால் ஆகவில்லை. துணிப்பையில் வாங்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டான்.

முலாம் ஏறி வந்த துப்பாக்கியில் அவன் முகம் தெரிந்தது, மூக்கு கொஞ்சம் கோணலாக.

வாய்விட்டுச் சிரித்தான். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஒருத்தரையும் தொட விடவில்லை. ஆயுத பூஜைக்கு வண்டிகளுக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஊரையே கூப்பிட்டுப் பொரி கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

மனு விசாரணைக்கு ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள்.

துப்பாக்கியை விற்கிறவர்தான் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவனுக்கு அது பொறுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு போனான். இன்ஸ்பெக்டரின் மேஜையில் கைக்குட்டையை விரித்து, மாப்பிள்ளையை உட்கார வைப்பது போல வைத்தான்.

இன்ஸ்பெக்டர் மனுவைப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"நம்பர் எங்கய்யா?"

அவன் எட்டிப் பார்த்தான்.

இனிஷியலோடு, பக்கத்தில் வெட்டியிருந்த துப்பாக்கி நம்பரும் போயிருந்தது. பட்டறைக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று சொன்னவன் அவன்தான்.

நம்பர் அழித்த துப்பாக்கியை யார் வைத்திருப்பார்கள், எதற்கு வைத்திருப்பார்கள், அப்படிப்பட்டவர்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். அனுமதியே வராத துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்றும் கேட்டார். ஏட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

ஒரே ஒரு போன் பண்ணிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான்.

தெய்வசிகாமணி எடுத்தார். அவன் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அட, அது நம்மூட்டுத் துப்பாக்கிதானுங்க. விக்கிறதாத்தான் இருந்தேன், இப்ப வேண்டாம்னு விட்டுட்டேன். மனுவத் திருப்பி வாங்கிக்கறனுங்க. அந்தப் பையன் நம்ம பண்ணையத்துல இருந்த மாரான் மகன். பாலிஷ் போட்டாரச் சொல்லிக் குடுத்துவுட்டேன். வெவரம் பத்தாம நம்பரையும் சேத்துத் தேச்சுப்புட்டானாட்ட இருக்குது."

இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்தது.

"அப்படிங்களா. அதுக்கென்னங்க, ஒரு மனு எழுதிக் குடுங்க. நம்பரைத் திரும்ப அடிச்சுக்கலாம்."

அவன் கையில் இருந்தால் ஜெயில். அவர் வீட்டுக்குப் போனால் ஒரு மனு.

ஐம்பது வயது தாண்டிய பையனை இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, அவர் சொல்றது நெசந்தானா? பாலிஷ் போடத்தான் குடுத்தாரா?"

இல்லை, காசு கொடுத்து வாங்கினேன், என்னுடையது என்று சொல்லலாம். சொல்லிவிட்டு உள்ளே போகலாம். அப்பனுக்காக ஒருதரம் போனால்தான் என்ன.

வாயைத் திறந்தான். ஏட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஆமாங்க," என்றான்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை அவனுடைய கைக்குட்டையிலேயே சுற்றி ஏட்டிடம் கொடுத்தார். தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வரச் சொன்னார்.

போன் இன்னும் அணைக்காமல் இருந்தது.

"ஏப்பா, பாலிஷ் எப்பிடி வந்திருக்குது?" என்று தெய்வசிகாமணி கேட்டார்.

அவன் மேஜைமேல் குனிந்தான்.

"புதுசாட்ட இருக்குதுங்க, பண்ணாடி."